ஏழை வீட்டுப் பிள்ளை மேலே வர ஏழு தலைமுறை: இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

காவிரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பு) 2018-ல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து ஒரு கணக்கை மேடைக்கு மேடை சொல்றாங்க, வாட்ஸ்அப்பிலும் சுத்திக்கிட்டே இருக்கு. அடித்தட்டுல இருக்கிற ஒரு குடும்பம் அந்த நாட்டோட சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் 2 தலைமுறை, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 5, இந்தியாவிலும் சீனாவிலும் 7, கொலம்பியாவில் 11.

என் மனசு இதை ஒப்பவே மாட்டேங்குது. எங்க தாத்தா மன்னார்குடிப் பக்கம் பண்ணைக் கூலி. அப்பா பத்தாவது முடிச்சு அரசு வேலைக்குப் போனார். நான் இன்ஜினியரிங் படிச்சு சென்னையில இருக்கேன். எங்க தெருவுல பல வீட்டுக் கதை இதுதான். ஏழு தலைமுறைன்னா கிட்டத்தட்ட இருநூறு வருஷம். அவ்வளவு காலம் யாரைப் பின்தொடர்ந்து போய் கணக்கெடுத்தாங்க? ஒரு நாட்டை இன்னொரு நாட்டோட ஒப்பிடறது எந்த அடிப்படையில? விவரம் தெரிஞ்சவங்க பொறுமையா சொன்னா நல்லா இருக்கும்.

எண்ணும்எழுத்தும்

யாரும் யாரையும் இருநூறு வருஷம் பின்தொடரவில்லை. ஒரே ஒரு தலைமுறைத் தாவலை அளந்து, அதையே திரும்பத் திரும்பப் போட்டு வந்த எண் அது.

முதலில் அப்பாவின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் உள்ள பிடிப்பை அளக்கிறார்கள். பிடிப்பு 0 என்றால் அப்பா என்ன சம்பாதித்தார் என்பது மகனின் சம்பாத்தியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 1 என்றால் அப்பா சராசரியிலிருந்து எவ்வளவு கீழே இருந்தாரோ மகனும் விகிதத்தில் அவ்வளவு கீழேயே நிற்பான். மைல்ஸ் கோராக் என்ற கனடியப் பொருளாதார அறிஞர் தொகுத்த ஒப்பீட்டில் டென்மார்க் சுமார் 0.15, அமெரிக்கா 0.47, பிரிட்டன் 0.5.

ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். ஒரு குடும்பத்தின் வருமானம் சராசரியில் கால் பங்கு என்று வையுங்கள். பிடிப்பு 0.5 என்றால் மகன் காலத்தில் பாதி. பேரன் காலத்தில் 71 சதவீதம். அடுத்தது 84, அதற்கடுத்தது 92. இதுவே பிடிப்பு 0.2 என்றால் மகனே 76 சதவீதத்துக்கு வந்துவிடுவான், பேரன் 95. சராசரியைத் தொட்டுவிட்டதாக எங்கே கோடு போடுகிறோமோ அதைப் பொறுத்து இத்தனை தலைமுறை என்ற எண் கிடைக்கிறது. அடித்தட்டு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதும் இதில் சேரும். பிடிப்பு ஒரே அளவாக இருந்தாலும் ஏற்றத்தாழ்வு பெரிதாக உள்ள நாட்டில் தலைமுறை எண்ணிக்கை கூடும்.

இன்றைக்கு உள்ள பிடிப்பு ஏழு தலைமுறைக்கும் மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நாட்டுக்கு நாடு ஒப்பிட உதவும். உங்கள் பேரப்பிள்ளைக்கு ஜாதகம் பார்க்க உதவாது.

காவிரிக்கரை

ரொம்பத் தெளிவா இருக்கு சார், நன்றி. அப்படின்னா எங்க தாத்தாவோட வருமானம் என்னன்னு யாருக்குத் தெரியும்? அவருக்கு நெல்லுதான் கூலி. இந்தியாவுக்கு இந்த எண்ணை எப்படி எடுத்தாங்க?

சமூகவியல்வாத்தியார்

காவிரிக்கரை, நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியில்தான் பொருளாதாரக்காரர்களும் எங்கள் துறையும் வேறு வேறு பக்கம் போகிறோம்.

டென்மார்க், சுவீடன், நார்வேயில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. சுவீடனில் அது 1947-லிருந்து இருக்கிறது. வரி, படிப்பு, வேலை, பெற்றோர் யார் என்பது வரை அந்த எண்ணின் கீழ் கோர்த்துவிடலாம். அப்பாவின் சம்பளத்தை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. நம் நாட்டிலோ பெரும்பாலானவர்கள் வரிக்கணக்கிலேயே இல்லை. ஐம்பது வயதுக்காரரிடம் அவருடைய அப்பாவின் வருமானத்தைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஆனால் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவார். அதனால் சமூகவியலில் தொழிலைப் பிடித்துக்கொண்டோம்.

பிட்டிரிம் சொரோக்கின் 1927-லேயே சமூக நகர்வு பற்றி, அதாவது மக்கள் சமூகத்தில் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குப் போவது பற்றி, தனி நூல் எழுதிவிட்டார். ரஷ்யாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அமெரிக்கா வந்தவர். ஒரு நாடு முழுவதற்குமான சாம்பிள் எடுத்து அளக்கும் வேலை பிரிட்டனில் டேவிட் கிளாஸ் 1949-ல் நடத்திய கணக்கெடுப்பில் பெரிய அளவில் வந்தது. அமெரிக்காவில் பிளவ், டங்கன் இருவரும் 1962-ல் சுமார் 20,000 ஆண்களிடம் விவரம் வாங்கினார்கள். 1972-ல் ஆக்ஸ்ஃபோர்டு நஃபீல்டு கல்லூரி ஆய்வு, ஏறக்குறைய 10,000 ஆண்கள். அதில் ஜான் கோல்ட்தார்ப் குழு கேட்ட முக்கியமான கேள்வி: உங்களுக்கு 14 வயதாக இருந்தபோது அப்பா என்ன வேலை பார்த்தார்? பிரிட்டனின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இதே மாதிரிக் கேள்வியை 2014-லிருந்து சேர்த்திருக்கிறார்கள்.

வேலையின் பெயரை மட்டும் வைத்து நாடுகளை ஒப்பிட முடியாது. ஒரு நாட்டில் கணக்கர் பெரிய ஆள், இன்னொரு நாட்டில் சாதாரணம். எரிக்சன், கோல்ட்தார்ப், போர்ட்டோகரேரோ மூவரும் 1979-ல் ஒரு வகைப்பாட்டை வைத்தார்கள். பிறகு அதை நன்றாகத் தேய்த்துச் செம்மைப்படுத்தினார்கள். எவ்வளவு சம்பளம் என்று அதில் பார்ப்பதில்லை. எந்த மாதிரி ஒப்பந்தத்தில் வேலை என்று பார்க்கிறார்கள். சொந்தத் தொழிலா, கூலியா? கூலி என்றால், செய்த வேலைக்கு அன்றன்றைக்குக் காசா, அல்லது மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று நீண்டகாலப் பிணைப்பா? டாக்டரும் மாவட்ட அதிகாரியும் கம்பெனி மேலாளரும் ஒரே வர்க்கத்தில் விழுவது இதனால்தான். நிர்வாகம் இவர்களை நம்பித்தான் ஆக வேண்டும். மேஸ்திரியை வைத்து இவர்களை மேய்க்க முடியாது.

இந்தச் சட்டகத்தை வைத்துத்தான் ஜெர்மனியில் மான்ஹைம் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு பல ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் தரவுகளை ஒரே அச்சில் வார்த்தார்கள். 1992-ல் எரிக்சனும் கோல்ட்தார்ப்பும் நூலாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு நாட்டின் பழைய சர்வே தாளையும் திரும்ப எடுத்து, ஒவ்வொரு தொழிலுக்கும் மறுபடி எண் கொடுத்த வேலை அது. அந்த உழைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது.

பட்டறை

மேற்கத்திய தொழிற்சாலையையும் ஆபீஸையும் பார்த்து வரைஞ்ச கட்டத்துக்குள்ள நம்ம ஊரை அடைக்க முடியுமா வாத்தியாரே? இங்க வேலையைத் தீர்மானிச்சதே சாதி. அதை விட்டுட்டு வர்க்கம், வர்க்கம்னு எண்ணிக்கிட்டிருந்தா என்ன தெரியப்போகுது?

இன்னொண்ணு. காவிரிக்கரை சொல்ற மாதிரி எல்லா வீட்டிலயும் தாத்தா கூலி, அப்பா அரசு ஊழியர், பிள்ளை இன்ஜினியர். எல்லாரும் ஏறிட்டாங்கன்னா இது திறந்த சமுதாயம்தானே? அப்புறம் எதுக்கு ஏழுன்னு பயமுறுத்தறாங்க?

சமூகவியல்வாத்தியார்

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதில்தான் இந்தத் துறையின் உயிரே இருக்கிறது. சாதிக்குப் பிறகு வருகிறேன், விடமாட்டேன்.

மறுபடி ஒரு கற்பனை ஊர். அப்பாக்களை இரண்டு தரப்பாகப் பிரிப்போம், அதிகாரி, கூலித் தொழிலாளி. முதல் தலைமுறையில் அதிகாரி வீட்டு மகன்கள் 100 பேரில் 60 பேர் அதிகாரி ஆகிறார்கள், 10 பேர் கூலியாகிறார்கள், மீதிப் பேர் நடுவில். கூலி வீட்டு மகன்கள் 100 பேரில் 15 பேர் அதிகாரி, 60 பேர் கூலி.

முப்பது வருஷம் போகிறது. ஆலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் எல்லாம் பெருகி அதிகாரி நாற்காலிகள் கூடிவிட்டன. இப்போது கூலி வீட்டு மகன்களில் 25 பேர் அதிகாரி, 40 பேர் கூலி. பதினைந்து இருபத்தைந்தாகிவிட்டது. தெருவில் எல்லோரும் ஏறியிருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் அதே காலத்தில் அதிகாரி வீட்டு மகன்களில் 75 பேர் அதிகாரி, வெறும் 5 பேர் கூலி.

போட்டியின் கணக்கைப் பாருங்கள். முதலில் அதிகாரி மகனுக்கு 60-க்கு 10, அதாவது ஆறு. கூலி மகனுக்கு 15-க்கு 60, அதாவது கால். ஆறைக் காலால் வகுத்தால் 24. பிறகு 75-க்கு 5, பதினைந்து. 25-க்கு 40, 0.625. வகுத்தால் அதே 24. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போட்டால் யாருக்கு எவ்வளவு அனுகூலம் என்பது இம்மியும் மாறவில்லை.

எத்தனை பேர் இடம் மாறினார்கள் என்பதை ஒட்டுமொத்த நகர்வு என்கிறோம், போட்டியில் யாருக்கு எவ்வளவு அனுகூலம் என்பதை ஒப்பு நகர்வு என்கிறோம். போருக்குப் பிந்தைய பிரிட்டனைப் பற்றி கோல்ட்தார்ப் 1980-ல் சொன்னது இதைத்தான்: தொழிலாளி வீட்டிலிருந்து மேலே போனவர்கள் ஏராளம், மேலே இடம் கூடியதால் போனார்கள், போட்டியின் அநியாயம் குறைந்ததால் அல்ல. ஃபெதர்மன், ஜோன்ஸ், ஹவுசர் 1975-ல் ஒரு படி மேலே போய், தொழில்மயமான நாடுகளில் ஒட்டுமொத்த நகர்வு வேறுபட்டாலும் ஒப்பு நகர்வு அடிப்படையில் ஒன்றேபோல்தான் இருக்கும் என்று ஒரு கருத்தை வைத்தார்கள். 1992 நூல் அதைப் பெருமளவு ஆதரித்தது. 2004-ல் ரிச்சர்ட் பிரீன் தொகுத்த ஐரோப்பிய ஆய்வில் அந்தக் கருத்து கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஜெர்மனி இறுகிக் கிடக்கிறது. சுவீடனும் நார்வேயும் நெகிழ்வாக இருக்கின்றன. பிரிட்டன் பெரிதாக அசையவில்லை. ஜெர்மனியில் பல மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிக்குப் பிரித்துவிடுகிறார்கள். சுவீடன் ஒரே பொதுப்பள்ளியில் வெகுநாள் வைத்திருக்கிறது. இதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தியாவுக்கு வந்தால், சஞ்சய் குமார், அந்தோனி ஹீத், ஆலிவர் ஹீத் மூவரும் 1996 தேர்தல் ஆய்வுத் தரவை வைத்து 2002-ல் எழுதிய கட்டுரைகளின் முடிவும் இந்த ஜாடைதான். ஏற்றம் கூடியிருக்கிறது, மேலே இடம் கூடியதால். வாய்ப்புச் சமம் கூடியதால் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

காவிரிக்கரை

இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. எங்க அப்பா சேர்ந்த காலத்துல அரசு வேலைக்கு நிறைய ஆள் எடுத்தாங்க. அவர் நல்லாப் படிச்சார்ங்கறது உண்மை. ஆனா அந்தப் பண்ணை வீட்டுப் பிள்ளைங்க இப்ப எங்கே இருக்காங்கன்னு நான் யோசிச்சுப் பார்த்ததே இல்லை. ஒருத்தர் அமெரிக்காவுல டாக்டர்.

தேன்மொழி

ஒரு விஷயத்தை யாரும் தொடலை. 1962-ல் 20,000 ஆண்கள், 1972-ல் 10,000 ஆண்கள். பெண்கள் எங்கே?

ஜப்பான்ல 1955-லேருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தரம் தேசிய அளவுல வர்க்க நகர்வு சர்வே நடத்தறாங்க. இவ்வளவு நீண்ட தொடர் வேற எங்கயும் கிடைக்கிறது அபூர்வம். அதுலயும் பெண்களைச் சேர்த்தது 1985-ல்தான். கோல்ட்தார்ப் 1983-ல் இதை நியாயப்படுத்தியே எழுதினார். வர்க்கம்கறது குடும்பத்துக்குரியது, குடும்பத்தோட நிலையைத் தீர்மானிக்கிறது பெரும்பாலும் ஆணோட வேலை, அதனால ஆணை எண்ணினாப் போதும்னு. அடுத்த வருஷமே மிஷெல் ஸ்டான்வொர்த் பதில் எழுதினார். அந்த விவாதம் இன்னும் முடியலை.

நான் சில வருஷம் டெல்டா மாவட்டங்கள்ல கள ஆய்வாளரா வேலை பார்த்தேன். அங்க நடக்கிறதைச் சொல்றேன். தாள்ல ஒரே கட்டம்: தந்தையின் தொழில். திண்ணையில உக்காந்து கேட்டா எல்லாரும் சொல்ற பதில் "விவசாயம்". மிராசுதாருக்கும் விவசாயம், குத்தகைக்காரருக்கும் விவசாயம், நாத்து நடறவருக்கும் விவசாயம். அங்கயே விட்டுட்டா மூணு பேரும் ஒரே குறியீடு. நான் விடமாட்டேன். (மாங்கறது டெல்டாவுல நில அளவு.) "நிலம் யாரோடது? எத்தனை மா? குத்தகையா, விளைச்சலைப் பங்கு போடற வாரமா? அறுப்புக்கு வெளி ஆள் வெச்சாங்களா, இல்ல நீங்க வெளியில அறுக்கப் போனீங்களா? கோடையில என்ன பண்ணுவார்?" அப்பத்தான் வரும்: "ரெண்டு மா குத்தகைம்மா. பத்தாது. மத்தபடி கூலிதான். பங்குனி சித்திரையில செங்கல் சூளை." இப்ப இவர் சொந்தமாப் பயிர் வைக்கிறவரா, விவசாயக் கூலியா, சூளைத் தொழிலாளியா? கட்டம் ஒண்ணுதான். நான் ஓரத்துல பேனாவால எழுதி வைப்பேன், கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அந்த ஓரக் குறிப்பு போயிடும்.

"அம்மா என்ன வேலை?"ன்னு கேக்கச் சொல்லி தாள்லயே இருக்காது. நானாக் கேட்டா "சும்மாதான் இருந்துச்சு"ம்பாங்க. நடவு, களை, ரெண்டு மாடுன்னு அந்தம்மா பண்ணினதைப் பிறகு அவங்களே அடுக்குவாங்க. பல வீட்டுல பிள்ளையைப் படிக்க வெச்சதே அந்த மாட்டுப் பால் காசு. மகன் எந்தப் படியிலேருந்து ஏறினான்னு எழுதும்போது அது கணக்குல இல்லை.

இன்னொரு ஓட்டை. நம்ம நாட்டுல பல சர்வேக்கள்ல ஒரே வீட்டுல சேர்ந்து வாழற அப்பா மகன் விவரம் மட்டும்தான் கிடைக்கும். கல்யாணமாகிப் போன பொண்ணு விட்டுப்போச்சு. திருப்பூருக்கோ துபாய்க்கோ போன மகனும் விட்டுப்போச்சு. அதாவது நகர்ந்தவங்களை விட்டுட்டு நகர்வை அளக்கறோம்.

பட்டறை

தேன்மொழி அக்கா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்க அழகாச் சொல்லிட்டீங்க. கட்டமே தப்பு.

தேன்மொழி

கட்டமே வேண்டாம்னு நான் சொல்லலை தம்பி. கட்டம் இல்லாட்டி "எங்க தெருவுல எல்லாரும் முன்னேறிட்டாங்க"ங்கற பேச்சுதான் மிஞ்சும். கட்டத்தைக் கூட்டணும், கேள்வியைக் கூட்டணும், அதுக்குக் காசும் நேரமும் கொடுக்கணும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல தங்கி, அக்ரகாரம், குடியானத் தெரு, சேரின்னு வீடு வீடாப் பார்த்து, யாரிடம் நிலம், யாரிடம் படிப்பு, யாரிடம் பஞ்சாயத்து அதிகாரம்னு தனித்தனியா எழுதினார். முன்னே மூணும் ஒரே தெருவுல குவிஞ்சிருந்தது, இப்ப பிரிய ஆரம்பிச்சிருக்குன்னு அவரால சொல்ல முடிஞ்சதே அந்தப் பொறுமையாலதான்.

வடகடல்

வணக்கம். நான் ஒஸ்லோவில இருந்து எழுதுறன். ஸ்கண்டிநேவியப் பதிவுத் தரவைப் பற்றி வாத்தியார் ஐயா சொன்னது சரி, ஆனா அந்தத் தரவுக்குள்ளயும் ஒரு சிக்கல் இருக்குது, அது எங்கட ஆக்களோட நேரடியாச் சம்பந்தப்பட்டது.

எண்பதுகளிலயும் தொண்ணூறுகளிலயும் இலங்கையில இருந்து வந்த தமிழர் கனபேர் நோர்வேயின்ர வடக்கில, பின்மார்க் கரையோர ஊர்களில மீன் ஃபக்டரியளில வேலை செய்தவை. நோர்வேக்காரர் செய்ய விரும்பாத வேலை. பிறகு தெற்கால ஒஸ்லோவுக்கு வந்து துப்புரவு வேலை, சமையலறை வேலை. அவையின்ர பிள்ளையள் இண்டைக்குப் பல்கலைக்கழகம் போற விகிதம் நோர்வேப் பிள்ளையளுக்குக் குறைஞ்சதில்ல. பதிவேட்டில பாத்தா என்ன தெரியும்? தகப்பன் மீன் வெட்டினவர், மகள் டொக்டர். உலகத்திலயே பெரிய ஏற்றம்.

ஆனா அந்தத் தகப்பன் யாழ்ப்பாணத்தில ஏ லெவல் படிச்சவரா இருப்பார், அல்லது வாத்தியாற்ற மகனா இருப்பார். சண்டையால படிப்புக் குழம்பினவர். அவர் ஊரில எந்தப் படியில நிண்டவர் எண்டது நோர்வேப் பதிவேட்டில இல்ல. அமெரிக்காவில சிந்தியா ஃபெலிசியானோ எண்ட சமூகவியலாளர் இதைத்தான் ஆராய்ஞ்சவ: குடியேறினவரின்ர படிப்பை வந்த நாட்டோட ஒப்பிடாமல், அவை பிறந்த நாட்டில அவையின்ர வயதுக்காரரோட ஒப்பிட்டுப் பாருங்கோ எண்டு. அப்பிடிப் பாத்தா பிள்ளையளின்ர ஏற்றத்தில பெரிய பங்கு, தாய் தகப்பன் இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கிறது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. வன்னியில இருந்து ஒண்டுமில்லாமல் வந்த குடும்பங்களும் இருக்குது, அந்தப் பிள்ளையள் ஏறினது உண்மையான ஏற்றம். இரண்டையும் ஒரே எண்ணுக்குள்ள போட்டு "தமிழர் கெட்டிக்காரர்" எண்டு இஞ்ச பேப்பரில எழுதேக்க எனக்குக் கோவம்தான் வரும். அந்த எழுத்தை வேற நாட்டுக் குடியேறிகளுக்கு எதிராப் பாவிக்கிறாங்கள்.

எண்ணும்எழுத்தும்

வடகடல் சொன்னதை என் துறையில் ஆரம்பப் புள்ளியைத் தவறாகக் குறிப்பது என்போம். சீனாவில் இதற்கு மறுமுனையில் ஒரு சிக்கல் வந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆய்வு அது, அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

சீன நகரங்களில் எடுத்த தரவில் அப்பாவின் தொழிலுக்கும் மகனின் தொழிலுக்கும் தொடர்பு மிகக் குறைவாகத் தெரிந்தது. புரட்சி வர்க்கத்தைக் கரைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். வூ சியாவ்காங், டொனால்ட் டிரைமன் இருவரும் நாடு முழுவதற்குமான 1996 சர்வேயை எடுத்து 2007-ல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். சீனாவில் ஹூகோவ் என்ற குடும்பப் பதிவு முறை உண்டு, 1958-ல் சட்டமானது. கிராமப் பதிவில் பிறந்தவர் நகரப் பதிவு வாங்குவது குதிரைக்கொம்பு. உயர்கல்வி, ராணுவம், கட்சி என்று சில வாசல்கள்தான். அந்த வாசலில் நுழைந்தவர்கள் கிராமத்துப் பிள்ளைகளில் ஆகக் கெட்டிக்காரர்கள். அவர்கள் நகரத்துக்கு வந்ததும் நல்ல வேலையில் அமர்ந்தார்கள்.

ஆக, நகரப் பதிவு உள்ளவர்களை மட்டும் எண்ணினால், விவசாயி மகன்கள் எல்லாம் அதிகாரிகளாக இருக்கிறார்கள். கிராமத்திலேயே நின்றுவிட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். கிராமத்தைச் சேர்த்து எண்ணியதும் படம் மாறிவிட்டது. நகரத்தின் திறந்த கதவு, கிராமத்தின் பூட்டிய கதவால் உண்டான தோற்றம்.

சிலி நாட்டையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தாழ்வு கூடிய நாட்டில் நகர்வு குறையும் என்பது 2012-லிருந்து பிரபலமான ஒரு வரைபடம். புளோரன்சியா டோர்ச்சே 2005-ல் சிலியை ஆராய்ந்தபோது, ஏற்றத்தாழ்வு பயங்கரம், ஆனால் நடுவிலும் கீழேயும் வர்க்கங்களுக்கு இடையே போக்குவரத்து தாராளம் என்று கண்டார். உச்சியைச் சுற்றி மட்டும் மதில். செல்வம் உச்சியில் குவிந்திருப்பதால் மற்றவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் அவர்களுக்குள் இடம் மாறுவது சுலபம். ஒற்றை எண்ணால் ஒரு நாட்டைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பட்டறை

அது சரி, குடும்பப் பெயரை வெச்சு பல நூறு வருஷம் பின்னாடி போறாங்களாமே? அது எவ்வளவு தூரம் நம்பலாம்?

எண்ணும்எழுத்தும்

பொருளாதார வரலாற்று அறிஞர் கிரெகரி கிளார்க் 2014-ல் எழுதிய நூலைத்தான் சொல்கிறீர்கள். சுவீடனின் பழைய பிரபுக் குடும்பப் பெயர்கள் இன்றைய டாக்டர், வக்கீல் பட்டியலில் எவ்வளவு மிகுதியாக இருக்கின்றன என்று எண்ணினார். பிடிப்பு 0.7-க்கு மேல், சுவீடனிலும்கூட என்றார். அது ஒரு பெயர்க் கூட்டத்தின் சராசரியை அளக்கிறது, தனிக் குடும்பத்தை அல்ல என்று பலர் மறுத்திருக்கிறார்கள். எனக்கும் மறுப்பு சரியாகவே படுகிறது. இந்தியாவில் வங்காளத்துப் பெயர்களைப் பார்த்தார். தமிழ்நாட்டில் இது நடக்காது. நமக்கு இனிஷியல்தான். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதாகத் தீர்மானம் போட்டார்கள், பிறகு ஒரு தலைமுறையே பெயரின் வாலை வெட்டிவிட்டது.

சமூகவியல்வாத்தியார்

பட்டறை, சாதிக்கு வருகிறேன் என்று சொன்னேன்.

சாதியா வர்க்கமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே வர்க்கத்துப் பெற்றோருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளை எடுத்து, சாதி மட்டும் வேறாக இருந்தால் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று பார்க்கலாம். மேலே சொன்ன 2002 கட்டுரைகளில் அதைச் செய்தார்கள். அப்பாவின் வர்க்கத்தின் பிடி பெரிது. அதைக் கழித்த பிறகும் சாதியின் பிடி மிச்சம் இருந்தது. வர்க்கக் கட்டங்களை நம் நாட்டு விவசாயத்துக்கும் சிறுதொழிலுக்கும் ஏற்ப மாற்றியமைத்து, பெண்களையும் சேர்த்து திவ்யா வைத் எழுதிய நூல் 2018-ல் வந்தது. ஆஷர், நோவோசாட், ராஃப்கின் மூவரும் கல்வியை அளவுகோலாக வைத்துப் பார்த்ததில், கீழ்ப்பாதிக் குடும்பங்களில் பிறந்த பட்டியல் சாதி மகன்களுக்கு ஏற்றம் கூடியிருக்கிறது, முஸ்லிம் மகன்களுக்குக் குறைந்திருக்கிறது. முஸ்லிம்களைப் பற்றிய இந்த முடிவு பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் வருத்தம்.

கதவைத் தாண்டி உள்ளே போன பிறகு என்ன என்பது இன்னொரு கேள்வி. பிரிட்டனில் ஃபிரீட்மனும் லாரிசனும் மேல்தட்டு வேலைகளில் இருப்பவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். தொழிலாளி வீட்டிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர், வசதியான வீட்டிலிருந்து வந்தவரைவிட சராசரியாக 16 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார். அங்கே உச்சரிப்பு, உடை, யாரோடு மதிய உணவு சாப்பிடுகிறோம் என்பது வரை வேலை செய்கிறது. இங்கே பெயரே போதும். தோரட், அட்டவெல் 2007 ஆய்வில் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

பட்டறை

இது போதும் வாத்தியாரே. கட்டத்துக்குள்ள சாதியையும் சேர்த்து எண்ணினா எனக்கு ஆட்சேபணை இல்லை. சேர்க்காம எண்ணி நாட்டுக்கு ஒரு மார்க் போடறதைத்தான் எதிர்க்கிறேன், இனியும் எதிர்ப்பேன்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் பெரிய நன்றி. தேன்மொழி அக்கா கேக்கற கேள்வியையெல்லாம் நேத்து அப்பாகிட்ட கேட்டேன். தாத்தா வெறும் பண்ணைக் கூலி இல்லையாம். ஒரு மா நிலம் குத்தகையில வெச்சிருந்தார், பாட்டி பால் ஊத்தினாங்க. அப்பாவோட படிச்சதுல அவர் தெருவுலேருந்து பத்தாவது வரைக்கும் போனது நாலு பேர், அதுல மூணு வீட்டுல மாடு இருந்திருக்கு. மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைங்க என்ன ஆனாங்கன்னு கேட்டேன். ரெண்டு பேர் பேர் சொன்னார், இப்பவும் அங்கதான் இருக்காங்களாம். "எங்க தெருவுல பல வீட்டுக் கதை"ன்னு நான் எழுதினதுல அந்த வீடுங்க இல்லை. வடகடல் அண்ணா, ஃபெலிசியானோ ஆய்வு பத்தி இன்னும் கேக்கணும். தனி இழை திறக்கிறேன், அங்க வாங்க.

தேன்மொழி

அப்பாவோட அப்பாவைக் கேட்டுட்டீங்க. அம்மாவோட அப்பாவையும் அம்மாவையும் கேட்டு எழுதுங்க தம்பி. அந்தப் பக்கத்தை யாருமே எழுதி வெக்கிறதில்லை.